காலியாக இருந்த மதியம்

மார்ச் 3

வாண்டுக்கு,

உன் இருமல் விட்டதா? அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து நேற்றோடு முடிந்தது. நாள்காட்டியில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்கிறாள், படித்து எல்லோருக்கும் சொல்கிறாள். நான் நலமாக இல்லை. நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை மதியம் ஏழாம் பெட்டில் இருந்தவருக்கு ஒரு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தேன். பஸ் டிரைவர், ஐம்பது வயது. கால் புண்ணுக்காக ஞாயிறு மாலைதான் வந்து சேர்ந்தார். அந்த மாத்திரை போட்டுக்கொண்டு எழுந்தால் தலை சுற்றும். அதனால் படுக்கும்போதுதான் கொடுப்பார்கள். எப்போதாவது ஒருவருக்கு மதியமும் எழுதுவார்கள் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தாளில் மதியம் என்று இருந்தது, கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் கழிவறைக்குப் போக எழுந்தார். மனைவி தட்டு கழுவப் போயிருந்தார். விழுந்த சத்தம் எனக்கு வார்டின் அந்தக் கோடியில் கேட்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மேட்ரன் என்னை எல்லோர் முன்பும் நிற்க வைத்துக் கேட்டார். "டாக்டர் சீட்டுல ராத்திரின்னு போட்டிருக்கு. உங்க தாள்ல மதியம்னு எப்படி வந்துச்சு?"

"தாள்ல அப்படித்தான் இருந்துச்சு மேடம்."

"தாள் தானா எழுதிக்குமா?"

அது நீ இரண்டு வருடம் முன்பு எழுதிக் கொடுத்த புரோகிராம் அச்சடிக்கும் தாள். பார்மசியிலிருந்து தினமும் ஒரு கோப்பு வரும். அதை உள்ளே கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் பெட் எண், காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு முப்பத்திரண்டு பேருக்கும் வந்துவிடும். நான் ஒரு எழுத்துகூட அடிப்பதில்லை. விசாரணைக் குழுவோ நானே அடித்த தாள் என்கிறது.

அன்றைய கோப்பையும் அச்சான தாளையும் இத்துடன் அனுப்புகிறேன். என்ன நடந்தது என்று பார்த்துச் சொல். போனில் பேசினால் இரண்டு பேரில் ஒருவர் கட் பண்ணிவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். ஏப்ரல் 16 அன்று விசாரணை. செவிலியர் பதிவே போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்கள். பதினான்கு வருட வேலை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. அம்மா படித்துக் காட்டுவதை நினைத்துச் சிரித்தேன். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

கடிதம் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. எல்லோர் முன்பும் நிற்க வைத்துக் கேட்க அந்த மேட்ரனுக்கு என்ன உரிமை? இத்தனை வருடத்தில் உன்னால் பிழைத்தவர்களை யாராவது கூப்பிட்டு நிற்க வைத்தார்களா?

கோப்பைத் திறந்து பார்க்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை. இங்கே இந்த மாதம் மூச்சு விட முடியாத வேலை. கம்ப்யூட்டர் விஷயத்தில் காரணம் எதுவாகவும் இருக்கலாம், அவசரப்பட்டு எதையும் சொல்ல முடியாது. பார்மசியில் சமீபத்தில் புதுக் கம்ப்யூட்டர் ஏதாவது வந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

தைரியமாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

வாண்டு


மார்ச் 14

வாண்டுக்கு,

உன் வேலைச் சுமை குறையட்டும். அம்மா உன்னைக் கேட்டாள், நலம் என்று சொன்னேன். இந்த விவகாரம் அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அந்தத் திங்கட்கிழமைதான் முதல் நாள். பார்மசிக்காரர் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

என்னை வார்டிலிருந்து எடுத்துத் துணி அறைக்குப் போட்டுவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. போர்வை, படுக்கை விரிப்பு, தலையணை உறை. பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிக் கட்ட வேண்டும். கறை போகாததைத் தனியாக வைக்க வேண்டும். என்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்கள் வந்து, "சிஸ்டர், ஆறு விரிப்பு குடுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள்.

நேற்று டிரைவரின் மனைவி கதவருகே வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க சிரிச்சுக்கிட்டேதானே குடுத்தீங்க சிஸ்டர்? தண்ணிகூட நீங்கதானே ஊத்திக் குடுத்தீங்க?" என்றார். திட்டியிருக்கலாம். அவர் போன பிறகு ஒரு கட்டு விரிப்பை மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது.

எனக்கு உன்னிடமிருந்து மூன்று வரி போதும். "இந்தத் தாளை அச்சடிப்பது நான் எழுதிய புரோகிராம். என் அக்கா எதையும் கையால் அடிப்பதில்லை. தவறு இன்ன காரணத்தால் வந்தது." கீழே ஒரு கையெழுத்து. அது இல்லாவிட்டால் நான் சொல்வதற்கு வேறு சாட்சி கிடையாது. அந்தப் புரோகிராம் நம் இருவருக்குள் நடந்த ஏற்பாடு. மேட்ரனுக்கு "தாள் சுத்தமா இருக்கு, நல்லது" என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

சீக்கிரம் எழுது. வெந்நீர் குடி.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். நீயும் அம்மாவும் நலந்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான்.

நீ கேட்ட கடிதத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். எழுத்தில் கொடுத்துவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது. ஒரு வரி எழுதினால் அதிலிருந்து பத்துக் கேள்வி கேட்பார்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்த நாளில்தான் தவறு நடந்தது என்று நீயே சொல்லலாமே. அது உண்மைதானே? அதற்கு நான் எதற்கு?

இன்னொன்று. இதைச் சொல்லக் கூடாதுதான். டாக்டர் சீட்டு அவர் தலைமாட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நீ ஒரு முறை அதையும் பார்த்திருக்கலாம். எந்தப் புரோகிராமையும் கண்ணை மூடிக்கொண்டு யாரும் நம்பக் கூடாது.

கோபப்படாதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

வாண்டு


ஏப்ரல் 6

வாண்டுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனமில்லை.

சீட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஆமாம். விசாரணைக் குழுவுக்கு நான் கொடுத்த விளக்கத்தின் முதல் வரியே அதுதான், நீ ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. என் தவறை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு நாற்பது நாளாகிறது. கையெழுத்துப் போட்டதால் எனக்கு விரல் உடைந்துவிடவில்லை.

உனக்கு நேரமில்லை என்பதால் நானே பார்த்தேன். வெள்ளிக்கிழமை துணி அறையில் விரிப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அன்றைய தாளை ஒரு பக்கமும் டாக்டர் சீட்டுகளின் நகல்களை மறுபக்கமும் வைத்து, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு வரி வரியாக முப்பத்திரண்டு பேரையும் ஒப்பிட்டேன். இருபத்தொரு பேருக்கு எல்லாம் சரி. பதினொரு பேருக்குத் தப்பு. அந்தப் பதினொரு பேருக்கும் டாக்டர் மதியத்துக்கு எதுவுமே எழுதவில்லை. தாளிலோ அவர்களுடைய இரவு மாத்திரை மதியத்தில் இருக்கிறது, இரவு காலியாக இருக்கிறது. பத்துப் பேருக்கு அது சத்து மாத்திரையும் வாயு மாத்திரையுமாக இருந்ததால் தப்பித்தார்கள். ஏழாம் பெட் தப்பிக்கவில்லை.

நீ புரோகிராம் எழுதும் கம்ப்யூட்டர் மொழி, அந்தப் பெர்லும் எனக்குத் தெரியாது, கிர்லும் தெரியாது. ஆனால் பெஞ்சில் நடுவில் இருப்பவர் எழுந்து போனால் ஓரத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார் என்று தெரியும். உன் புரோகிராமில் ஒரு இடம் காலியானால் பக்கத்தில் இருப்பது நகர்ந்துகொள்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. இதையே தொழிலாகச் செய்கிற உனக்கு ஐந்து வாரம் போதவில்லையா?

பிறகு உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். மார்ச் 9. "கோப்பைத் திறந்து பார்க்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை." அதே கடிதத்தில் இரண்டு வரி தள்ளி, "புதுக் கம்ப்யூட்டர் ஏதாவது வந்ததா?" கோப்பைத் திறக்காதவளுக்கு இந்தக் கேள்வி எப்படித் தோன்றியது?

உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டு என்னைச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டிருக்கிறாய்.

பதில் எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

தெரியும். உன் முதல் கடிதம் வந்த அன்றே, செருப்பைக்கூடக் கழற்றாமல் திறந்து பார்த்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை.

நீ சொன்ன பெஞ்சுதான். பெர்லில் ஸ்பிளிட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு வரியைக் கொடுத்தால் துண்டு துண்டாக வெட்டித் தரும். பார்மசிக் கோப்பில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி. பெட், காலை, மதியம், இரவு என்று நான்கு துண்டு, நடுவில் டேப் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி. பழைய கம்ப்யூட்டர் மருந்து இல்லாத இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவந்தது. அதனால் எப்போதும் நான்கு துண்டு கிடைத்தது. புதியது கோடு போடாமல் காலியாகவே விடுகிறது. இரண்டு டேப் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எங்கே வெட்ட வேண்டும் என்று நான் ஸ்பிளிட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது வெற்றிடத்தைப் பார்த்த இடத்தில் வெட்டும், இரண்டு டேப் சேர்ந்து வந்தாலும் இருபது வந்தாலும் ஒரே வெட்டுதான். நான்கு துண்டு கிடைக்க வேண்டிய இடத்தில் மூன்று கிடைத்தது. மூன்றாவதை மதியம் என்று நினைத்து அச்சடித்துவிட்டது. "டேப்பில் மட்டும் வெட்டு" என்று சொல்லியிருந்தால் நடுவில் இருந்த ஒன்றுமில்லாததையும் ஒரு துண்டாகவே எடுத்துக் கொடுத்திருக்கும். அதற்கு இன்னும் நான்கு எழுத்து அடித்திருக்க வேண்டும்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. இங்கே புதிதாகச் சேருபவர்களின் புரோகிராமில் இந்தத் தவறைப் பார்த்தால் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவதே நான்தான். "காலியா வந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்று அவர்களைக் கேட்பதும் நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அதை நான் எழுதியது அலுவலகக் கம்ப்யூட்டரில், அலுவலக நேரத்தில், வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதத்தில். வெளியாருக்கு எதுவும் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன வருடம் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் நண்பனுக்கு ஒரு சின்ன வேலை செய்து கொடுத்ததற்காக அன்று மாலையே அனுப்பப்பட்டார். இந்த வேலை போனால் வேறு யாரும் சேர்க்கமாட்டார்கள்.

நீ கத்தியதுபோல் நானும் ஒரு முறை கத்திக்கொள்கிறேன். "சும்மா ஒரு தாள்தானேடி, உனக்கு அஞ்சு நிமிஷ வேலை" என்றாய். தினமும் போன் செய்தாய். "ஆச்சா, ஆச்சா?" சரிபார்க்க ஒரு வாரம் வேண்டும் என்றேன். "பெரிய ராக்கெட் விடறா" என்று அத்தானிடம் சொல்லிச் சிரித்தாய், போனில் எனக்குக் கேட்டது. நான் செய்வது உங்கள் யாருக்கும் வேலையாகத் தெரிந்ததில்லை. ஏதோ வித்தை. அந்த அவசரத்தில்தான் அந்த வரியை எழுதினேன்.

விசாரணையில் என் பெயரைச் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாண்டு


ஏப்ரல் 18

வாண்டுக்கு,

விசாரணை முடிந்தது. ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் ஐந்து பேர். என் பக்கம் நானும் ஒரு தண்ணீர்க் குவளையும்.

பதினொரு பேரின் கணக்கை ஸ்கேலால் கோடு போட்டுக் காட்டினேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் சரிம்மா. இந்தப் புரோகிராமை யார் எழுதினாங்க?"

"சொல்ல முடியாது சார்."

"சொல்ல முடியாதா, அப்படி ஒருத்தர் இல்லவே இல்லையா?"

"இருக்காங்க."

"இருந்தா ஏன் வரலை?"

இதற்கான பதில் உன்னிடம் இருந்தால் எழுதி அனுப்பு. ஓரத்தில் இருந்தவர், "தப்பா அடிச்சிட்டு அதுக்கேத்த மாதிரி கதையும் ஜோடிச்சிருக்காங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

பதிவை ரத்து செய்யப் பரிந்துரைத்திருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.

உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்காதே. உன் பெயரை நான் சொன்னால் தங்கையைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள். நீயே வந்து சொன்னால்தான் அது சாட்சி. அதனால் சொல்லவில்லை.

ராக்கெட் என்று சிரித்தது உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு வாரம் வேண்டும் என்று நீ கேட்டதும் உண்மை, நான் கொடுக்கவில்லை. அந்த வரி தப்பாகப் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் வரி தப்பாகப் போனதற்காக நான் கோபப்படவில்லை, வாண்டு. பதினான்கு வருடத்தில் நானும் தப்பு செய்திருக்கிறேன். செய்த நிமிடமே ஓடிப்போய், "டாக்டர், தப்பு பண்ணிட்டேன், வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறேன். அப்படிக் கூப்பிட்டதால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். நீ அவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு நான் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நீ சீட்டைப் பார்த்திருக்கலாம்" என்று தலையில் வேறு தட்டினாய்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. உன் பங்கு மட்டும் தெரியாது.

அக்கா


மே 5

அக்கா,

மேல்முறையீட்டுக் குழுவுக்கு நேற்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல் இத்துடன். நான்கு பக்கம் இருக்கிறது. புரோகிராம் முழுவதும், தப்பான வரி சிவப்பு வட்டத்தில், பழைய கோப்பு, புதுக் கோப்பு, இரண்டையும் கொடுத்தால் என்ன அச்சாகிறது என்று பக்கத்தில் பக்கத்தில். மருந்தின் நேரத்தை என் அக்கா மாற்றவில்லை, மாற்றுவதற்கு அதில் வழியும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். கூப்பிட்டால் நேரில் வருவேன் என்றும் எழுதியிருக்கிறேன். பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் என் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இதை யாரும் கேக்கலையே, நீங்களா வந்து ஏன் சொல்றீங்க?"

"கேட்டாங்க சார். ஒன்பது வாரமா கேட்டாங்க."

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மேசையில் இருந்த என் பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் காவலாளி வாசல்வரை வந்து கொடுத்தார். "லீவாம்மா?" என்று கேட்டார்.

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வாண்டு


மே 16

அக்கா,

பத்து நாளுக்கு மேலாகப் பதில் இல்லை. தபால் ரசீதைப் பார்த்தேன், குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உனக்கும் சேர்ந்திருக்கும். திட்டியாவது ஒரு வரி போடு. வேலை தேடுகிறேன், இரண்டு இடத்தில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன்.

வாண்டு


மே 24

வாண்டுக்கு,

அம்மா நலம். என் ரத்த அழுத்தம்தான் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நீ ஒரு வேளையும் பட்டினி கிடக்காதே. வேலை கிடைக்கும்வரை இங்கே வந்து இரு என்று உன் அத்தான் சொல்கிறார்.

வேண்டுமென்றேதான் பதில் எழுதவில்லை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம் இல்லைதான்.

பரிந்துரையை நீக்கிவிட்டார்கள். சீட்டோடு ஒப்பிடாததற்கு என் கோப்பில் ஒரு எச்சரிக்கை ஏறியிருக்கிறது, அது நியாயம். திங்கட்கிழமையிலிருந்து வார்டில் இருக்கிறேன். மேட்ரன், "பழசை மறந்துடுங்க சிஸ்டர்" என்றார். "நீங்க மறங்க மேடம், எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. வேலை போனதற்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் மே மாதம் நீ செய்ததை மார்ச் மாதமே செய்திருந்தாலும் அது போயிருக்கும். நான் மட்டும் துணி அறையில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

டிரைவர் சனிக்கிழமைதோறும் உடற்பயிற்சிக்கு வருகிறார். நாலு கால் கம்பியை ஊன்றிக்கொண்டு வராந்தாவின் பாதிவரை நடக்கிறார். இனி பஸ் ஓட்ட முடியாது என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கும் மனைவிக்கும் குழுவிலிருந்து ஒரு கடிதம் போயிருக்கிறது. "கணினிப் பிழை" என்று இரண்டு சொல். முந்தாநாள் அந்த அம்மா அதை என்னிடம் நீட்டினார்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சுன்னு போட்டிருக்காங்க சிஸ்டர். அது மேல போய் யாரு கோவப்படறது?"

"அதை எழுதினவங்க ஒருத்தங்க இருக்காங்கம்மா."

"யாரு?"

"அவங்களே வந்து சொல்லுவாங்க" என்றேன்.

நீ வருவாய் என்று ஒத்துக்கொண்டுவிட்டேன், ஆகவே வா. வரும் சனிக்கிழமை பத்து மணி, பின்வாசல் வழியாக, வராந்தா முடிவில் இடது பக்க அறை. நான் உன் பக்கத்தில் நிற்பேன். உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்த அம்மா கத்தினால் கத்தட்டும், நடுவில் வரமாட்டேன். அவர் கத்தாமல் போனால் அது இன்னும் கஷ்டம், அதையும் நின்று கேள்.

ஸ்பிளிட், டேப் என்று விளக்க ஆரம்பிக்காதே. அது குழுவுக்கு. "அவசரத்தில்" என்று ஆரம்பிக்காதே, "எங்கக்கா மேல தப்பில்லை" என்றும் ஆரம்பிக்காதே. டிரைவர் நின்றுகொண்டிருந்தால் முதலில் அவரை உட்காரச் சொல். கால் வலிக்கும்.

பிறகு, "நான்தான்" என்று ஆரம்பி.

அக்கா